ஈசிஜி மேசையில் ஃபுட்பால் பசங்க

பெரம்பூர் பக்கம் ஒரு சின்ன பரிசோதனை மையத்தில் ஈசிஜி எடுப்பது என் வேலை. பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள்தான் வருவார்கள். டோர்னமென்ட் நேரத்தில் மட்டும் வியாசர்பாடியிலிருந்து பையன்கள் ஃபிட்னஸ் ஃபாரத்தோடு கும்பலாக வந்து நிற்பார்கள். குட்டி பிரேசில் என்று பேரெடுத்த ஏரியா அது. 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை வீழ்த்திய கோலை அடித்த ஈஸ்ட் பெங்கால் நந்தகுமார் அங்கே வளர்ந்தவர்தான். ஆனால் சட்டையைக் கழற்றச் சொன்னால் போதும், "அக்கா, பனியனோட எடுக்க முடியாதா?" என்று நெளிவார்கள்.

இவர்களுடைய ஈசிஜி தனி ரகம். படுத்திருக்கும்போது துடிப்பு ஐம்பதுக்குக் கீழேகூடப் போகும். மெஷின் உடனே 'அப்நார்மல்' என்று அடித்துவிடும். தினமும் ஓடிப் பழகிய இதயம் நிதானமாகத்தான் துடிக்கும், அதில் பயமில்லை. இடப்பக்க நெஞ்சில் ஒட்டும் வி5, வி6 லீடுகளில் டி அலை (ஒவ்வொரு துடிப்பின் கடைசியில் வரும் மேடு) தலைகீழாக விழுந்தால்தான் டாக்டரைக் கூப்பிடுவேன். இதயத் தசை தடித்துப்போகும் நோயாக இருக்கலாம், எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், பார்த்தே ஆக வேண்டும். 2003 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியில் மைதானத்திலேயே சரிந்து இறந்துபோன கேமரூனின் மார்க் விவியன் ஃபோவுக்கு இருந்தது அந்த நோய்தான்.

ஜெல் தடவும்போதே ஸ்கோர் பேச்சு ஆரம்பித்துவிடும். 2024 டிசம்பர் 1 அன்று இத்தாலி லீக்கில் ஃபியோரென்டினா - இன்டர் ஆட்டம் 17ஆவது நிமிடத்தில் நின்றுபோனது. ஃபியோரென்டினாவின் 22 வயது எடோர்டோ போவே இதயம் நின்று சுருண்டு விழுந்திருந்தார். பிப்ரவரியில் விட்ட இடத்திலிருந்து ஆடி, ஃபியோரென்டினா 3-0 என்று ஜெயித்தது. அந்த மூன்று கோலையும் ஒருவன் படுத்தபடியே விவரித்தான். (பேசினால் கோடு ஆடும், திரும்ப எடுக்க வேண்டும்.) போவே என்ன ஆனார் என்று கேட்டேன். "உள்ள மெஷின் வெச்சிட்டாங்கக்கா. இத்தாலில அதோட ஆட விடமாட்டாங்களாம்" என்றான். இதயம் தடுமாறினால் உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும் சின்னக் கருவி அது. 2021இல் நடந்த யூரோ கோப்பையில் அதேபோல் விழுந்த டென்மார்க்கின் எரிக்சனும் அதனால்தான் இன்டரை விட்டு இங்கிலாந்து போனார். 2024 யூரோவில் கோலும் அடித்தார்.

சரி, தாளில் 'நார்மல்' என்று வந்தால் நிம்மதியா? இங்கிலாந்தில் 1996 முதல் 2016 வரை 11,168 இளம் வீரர்களை ஈசிஜி, எக்கோ இரண்டும் எடுத்துப் பார்த்தார்கள். பிற்பாடு இதயக் கோளாறால் இறந்த 8 பேரில் 6 பேருக்கு அந்தப் பரிசோதனையில் ஒன்றுமே தெரியவில்லை. என் பிழைப்புக்கே எதிரான கணக்குதான், ஆனாலும் கூட வரும் அம்மாக்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அதனால் ஃபாரத்தில் இல்லாத இரண்டு கேள்விகளை நானாகக் கேட்பேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்திருக்கிறாயா? வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போயிருக்கிறார்களா? லேசில் சொல்ல மாட்டார்கள், டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயம். "வெயிலுக்கா, சாப்பிடாம போனேன்" என்பார்கள். பாதி நேரம் அது நிஜமும்கூட. ஆடி முடித்து நிற்கும்போது தலைசுற்றுவது அவ்வளவு கவலை இல்லை. பந்தோடு ஓடுகிறவன் பொத்தென்று விழுந்தால் அதை வெயில் கணக்கில் எழுத எனக்கு மனம் வராது.

அப்படி விழுந்தால் கிரவுண்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவன் பைக் சாவியைக் கையில் திணிப்பான், இன்னொருவன் சோடா வாங்க ஓடுவான். இதயம் நின்ற முதல் நொடிகளில் கைகால் வெட்டி இழுக்கலாம், கொர்ரென்று மூச்சு வாங்கலாம். பார்க்கிறவர்களுக்கு அது வலிப்பு. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், ஒருவர் 108ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். அழுத்தாமலே விட்டால், ஷாக் கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். எரிக்சனை மீட்டது இந்த அழுத்தலும் ஒரே ஒரு ஷாக்கும்தான்.

ஷாக் கொடுக்கும் மெஷினுக்கு ஒரு கோச் விலை விசாரித்தார். லட்சத்தைத் தொட்டது. "அந்தக் காசுல எல்லாருக்கும் ஷூ வாங்கிடலாம்மா" என்றார். பாதிப் பேர் கிழிந்த ஷூவோடு ஆடுவதை நானும் பார்த்திருக்கிறேன், பதில் சொல்லத் தோன்றவில்லை. மெஷினை விடுங்க, அழுத்தவாவது கத்துக்கொடுக்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார். பழைய தலையணை ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.