சம்பளச் சீட்டில் இருந்த பெயர்

நான் வேலை பார்ப்பது பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றின் மலேசிய வளாகத்தில். பட்டச் சான்றிதழில் அவர்கள் முத்திரைதான். அதனால் 2017இல் ஆய்வுக்குப் பணம் தேடத் தொடங்கியபோது முதலில் பிரிட்டன் பக்கம்தான் பார்த்தேன். மலேசியத் தோட்டங்கள் கைமாறிய பிறகு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த நம் தோட்டத் தமிழ்க் குடும்பங்களைப் பற்றிய ஆய்வு.

தாய் வளாகத்து ஆய்வுப் பிரிவிலிருந்து மூன்றே வரியில் பதில் வந்தது. அந்நாட்டு அரசின் ஆய்வு மன்றப் பணத்துக்குத் தலைமை ஆய்வாளர் பிரிட்டனில் இருக்க வேண்டும். அங்குள்ள யாராவது தலைமை ஏற்றால் என்னை வெளிநாட்டு இணை ஆய்வாளராகச் சேர்க்க முடியுமா என்று பார்க்கலாம். ஒரே பல்கலைக்கழகம், அதில் நான் வெளிநாட்டான்!

அன்றைக்குத்தான் என் சம்பளச் சீட்டை உற்றுப் பார்த்தேன். முதலாளி பெயரின் கடைசியில் 'செண்டிரியான் பெர்ஹாட்', அதாவது தனியார் கம்பெனி. 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டப்படி, இங்கே கிளை வளாகம் நடத்த உள்ளூரில் ஒரு கம்பெனியைப் பதிய வேண்டும். ஆக, அரசின் கண்ணுக்கு நாங்கள் இந்நாட்டுத் தனியார் கல்விக்கூடம். அப்படியானால் மலேசிய உயர்கல்வி அமைச்சின் எஃப்ஆர்ஜிஎஸ் என்ற ஆய்வு மானியத்துக்கு நானும் மனுச் செய்யலாம்.

நொந்துபோனது வரவுசெலவுக் கணக்கில்தான். பிரிட்டனில் ஆய்வின் முழுச் செலவையும் கணக்கிடுவார்கள்; பேராசிரியர் ஒதுக்கும் நேரம், கட்டடம், நிர்வாகம் எல்லாம் அதில் அடக்கம். அரசு பொதுவாக அதில் 80 சதவீதம் தரும். எங்கள் நிதிப் பிரிவுத் தம்பி அதே அட்டவணையைத் திறந்து, என் சம்பளத்தில் ஒரு பங்கையும் அறைச் செலவையும் ஏற்றிவிட்டார். அமைச்சின் படிவத்தில் இருப்பதோ வோட் எண்கள், அதாவது செலவு வகைக்கு ஓர் எண். 11000 உதவியாளர் ஊதியம், 21000 பயணம், 27000 ஆய்வுப் பொருட்கள், 29000 தொழில்முறைச் சேவை, 35000 கருவிகள். தலைமை ஆய்வாளர் சம்பளத்துக்கு ஒரு வரிகூட இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டோம். பேட்டி ஒலிப்பதிவுகளைத் தட்டச்சு செய்யும் கூலியை 27000இல் வைத்திருந்தேன். "டாக்டர், அது 29000" என்று ஆய்வு மேலாண்மைப் பிரிவு அக்கா திருப்பி அனுப்பினார். அவர் இல்லாவிட்டால் இந்த மனு அமைச்சு மனுக்களை வாங்கும் மைகிராண்ட்ஸ் இணையத்தளத்துக்கே போயிருக்காது.

முதல் முறை நிராகரித்தார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன். இது அடிப்படை ஆய்வுக்கான மானியம். புதிய கோட்பாடு, புதிய கருத்து வேண்டும். நான் எழுதி வைத்திருந்தது கிட்டத்தட்ட வீட்டு வசதி குறித்த புகார் மனு. மறுமுறை, 'ஊர்' என்ற உணர்வு மாடிப்படிகளில் எப்படி மறுபடி உருவாகிறது என்று கேள்வியை மாற்றினேன். கிடைத்தது.

2020இல் கட்டுரை வெளியானதும் தாய் வளாகத்திலிருந்து மின்னஞ்சல். பல்கலைக்கழகங்களின் ஆய்வைத் தரம் பார்த்து அங்கே அரசு பணம் பிரிக்கும் ஆர்இஎஃப் 2021இல் என்னைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறார்களாம். வெளிநாட்டுப் பிரிவில் இருப்பவரைச் சேர்க்க வேண்டுமானால், அவருடைய ஆய்வு பிரிட்டனில் உள்ள துறையோடு தெளிவாக, நேரடியாகத் தொடர்புடையது என்று பல்கலைக்கழகம் காட்ட வேண்டும். அந்தத் தொடர்பை இரண்டு பத்தியில் எழுதித் தரச் சொன்னார்கள்.

2017இல் வந்த மூன்று வரி மின்னஞ்சலைத் தேடி எடுத்து, இணைத்து அனுப்பினேன்.