கஸ்பியனில் போன ஒரு புள்ளி

பாடசாலை மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று செயலாளர் மூன்றாம் தடவை தொலைபேசி எடுத்த பிறகுதான் உட்கார்ந்தேன். மற்றவர்கள் விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா என்று எழுதுவார்கள். எனக்கு நினைவில் நிற்பது ஏழாம் வகுப்புப் புவியியலில் பறிபோன ஒரு புள்ளி.

எங்கள் ரீச்சருக்குத் தேசப்படத்தில் கடல் வெள்ளையாக இருந்தால் பிடிக்காது. நீலப் பென்சிலின் கூரைப் பிளேட்டால் சுரண்டி, அந்தத் தூளைப் பஞ்சில் தொட்டு, கரையிலிருந்து வெளியே மெல்லத் தேய்க்க வேண்டும். கரையோரம் கடும் நீலம், போகப் போக வெளிறல். பசுபிக்குக்கு வரும்போது தூள் தீர்ந்துவிடும். தீராமல் என்ன செய்யும்? உலகத்து நிலம் முழுவதையும் அதற்குள் தூக்கி வைத்தாலும் மிச்சம் இருக்கிற சமுத்திரம் அது. என் பக்கத்து வாங்கு நண்பன் அவசரத்தில் எச்சில் தொட்டுத் தேய்த்து, ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் ஓட்டை போட்டுவிட்டான்.

ஆறுகள் எனக்கு ஒத்துவரவில்லை. நைல் 6,650 கிலோமீற்றர் என்று பாடமாக்கியதோடு சரி. உலகத்து ஆறுகள் எல்லாம் கடலில் கொட்டும் தண்ணீரில் ஏறக்குறைய ஐந்திலொன்று அமேசனுடையது என்று ரீச்சர் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஏரிகள்தான் வில்லங்கம். தவணைப் பரீட்சையில் ஒரு கேள்வி: உலகின் மிகப் பெரிய ஏரி எது? நான் ‘கஸ்பியன் கடல்’ என்று எழுதினேன். சிவப்பு மையில் பிழை போட்டு வந்தது. ரீச்சரின் விடை வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி.

கொப்பியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

“கேட்டது ஏரி. நீர் எழுதினது கடல்.”

“பேரிலதானே ரீச்சர் கடல். நாலு பக்கமும் நிலம் இருக்கே?”

“தண்ணி உப்பு. சமுத்திரத்தின்ர மூன்றிலொரு பங்கு உப்பு அதில இருக்கு.”

“அப்ப சாக்கடல்?” என்றான் ஆபிரிக்காவைக் கிழித்தவன், பின்னால் நின்றுகொண்டு. இரண்டு பேரும் மணியடிக்கும்வரை வகுப்புக்கு வெளியே நின்றோம்.

நியாயமாகப் பார்த்தால் பரப்பில் கஸ்பியன் சுப்பீரியரைப் போல நாலு மடங்குக்கும் அதிகம். ‘நன்னீர் ஏரி’ என்று கேட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆனால் ரீச்சர் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. ஆதியில் சமுத்திரத்தோடு சேர்ந்திருந்து, பிறகு நிலத்தால் அடைபட்ட தண்ணீர் அது. தெற்கே ஆழம் 1,000 மீற்றரைத் தாண்டும்.

அதற்குக் கிழக்கே ஆரல் கடல் என்று இன்னொன்றுக்கும் நீலம் பூசினோம். அதுவும் பேரில்தான் கடல். பருத்தி வயல்களுக்கு ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் தண்ணீரைத் திருப்பிவிட்டதில், நாங்கள் பூசிக்கொண்டிருந்த காலத்திலேயே அது வற்றிக்கொண்டிருந்தது. எங்கள் படத்தில் அது பழைய அளவிலேயே கிடந்தது.

அந்தப் படத்தில் கஸ்பியனைச் சுற்றி இரண்டே நாடுகள், சோவியத் ஒன்றியமும் ஈரானும். 1991க்குப் பிறகு ஐந்தாகின. அடியில் எண்ணெயும் எரிவாயுவும் கிடப்பதால் எங்கள் வகுப்புச் சண்டையை அவர்களும் பிடித்தார்கள். கடல் என்றால் கடற்சட்டத்தின்படி ஒரு பிரிப்பு, ஏரி என்றால் வேறு பிரிப்பு. இருபது வருடத்துக்கு மேல் இழுபட்டு, 2018 ஓகஸ்ட் 12 அன்று கசகஸ்தானின் அக்தாவ் நகரில் ஐந்து நாட்டுத் தலைவர்களும் கையெழுத்து வைத்தார்கள். முடிவு: கடலும் இல்லை, ஏரியும் இல்லை, அதற்கென்று தனி விதி.

செய்தியைப் படித்த கையோடு ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப நீர் எழுதினதும் பிழைதானே?” என்றார்.