டவரோடு பேச அனுமதி வாங்கிய கதை: சாங்கியில் ஒரு டோ டிராக்டர் ஓட்டுநரின் அனுபவம்

சாங்கி விமான நிலையத்தில் விமானங்களை இழுத்துச் செல்லும் டிராக்டர் ஓட்டுவது என் வேலை. பயணிகளை இறக்கிவிட்ட விமானம் அடுத்த பயணம் வரைக்கும் வாயிலிலேயே நின்றுகொண்டிருக்க முடியாது. தள்ளியிருக்கும் நிறுத்தத்துக்கோ, ஹேங்கர் என்கிற விமானக் கொட்டகைக்கோ கொண்டுபோக வேண்டும். முன் சக்கரத்தில் டோ பார் என்கிற இழுவைத் தண்டை மாட்டி நாங்கள் இழுப்போம், மேலே விமானி அறையில் பிரேக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவர் உட்கார்ந்திருப்பார். போகிற பாதை மற்ற விமானங்களும் ஓடுகிற டாக்சிவே. அதனால் டவரிடம், அதாவது கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம், கேட்காமல் ஓர் அடி நகர முடியாது. டிராக்டர் ஓட்டத் தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. ரேடியோவில் பேசுவதற்குத் தனியாகப் பயிற்சி, தனியாகத் தேர்வு.

ஊரிலிருந்து வந்து இந்த வேலையில் சேரும் தம்பிகள் பலர் இந்தத் தேர்வு என்றதுமே பின்வாங்குகிறார்கள். "அண்ணே, ஓட்டுறது பிரச்சினையில்ல, இங்கிலீஷ்தான் பயமா இருக்கு" என்பார்கள். நானும் அதே பயத்தோடுதான் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். முடித்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: அங்கே சோதிப்பது நம் ஆங்கிலத்தை இல்லை, நம் காதை.

முதலில் எழுத்துகள். ஏ என்றால் அல்ஃபா, பி என்றால் பிராவோ, சி என்றால் சார்லி என்று ஆங்கில எழுத்துகளுக்கு 26 சொற்கள். 1956இலிருந்து உலகம் முழுக்க விமானத் துறையில் இதே வரிசைதான். மனப்பாடம் செய்வது சுலபம், கேட்ட நொடியில் வாயில் வருவதுதான் கஷ்டம். நான் தெம்பனிஸில் பேருந்துக்கு நிற்கும்போது போகிற வருகிற கார்களின் எண் பலகையைப் படிப்பேன். எஸ், எல், கே என்றால் சியரா, லீமா, கிலோ. சிங்கப்பூரில் சொந்தக் கார்கள் பெரும்பாலும் எஸ்ஸில் தொடங்குவதால் 'சியரா' தூக்கத்தில்கூட வர ஆரம்பித்தது. மற்ற எழுத்துகளுக்கு என் அக்கா மகளிடம் அட்டை எழுதச் சொல்லி, அவள் கலைத்துக் கலைத்துக் காட்டக் காட்டச் சொல்லிப் பழகினேன்.

எண்களுக்கும் தனி உச்சரிப்பு உண்டு. மூன்றுக்கு 'ட்ரீ', ஐந்துக்கு 'ஃபைஃப்', ஒன்பதுக்கு 'நைனர்'. இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் இந்த ஏற்பாடு. டாக்சிவேக்குப் பெயர் வைக்கும்போதுகூட ஐ, ஓ, எக்ஸ் எழுத்துகளைக் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறது உலக விதி. ஐ ஒன்று மாதிரியும் ஓ பூஜ்யம் மாதிரியும் தெரியும், எக்ஸ் மூடப்பட்ட பாதைக்கான குறி. இவ்வளவு யோசித்து ஒரு மொழியை உருவாக்கியிருக்கிறார்களே என்று எனக்கு அப்போதே பெரிய மரியாதை வந்துவிட்டது.

அப்புறம் பேசும் வரிசை. யாரைக் கூப்பிடுகிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும். நான்கே விஷயம். எங்கள் பயிற்றுநர் மலாய்க்காரர், எல்லாரும் அவரை அபாங், அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். பல வருடம் டிராக்டர் ஓட்டியவர். மைக் பொத்தானை அழுத்துவதற்கு முன் வாக்கியத்தை மனதில் முழுசாகச் சொல்லிப் பார்க்க வைப்பார். அழுத்தியவுடன் பேசவும் விடமாட்டார். ஒரு கணம் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் எழுத்து வெட்டுப்பட்டுப் போகும். அதற்கும் முன்னால், வேறு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

இது மரியாதைக்காக மட்டும் இல்லை. விமானிகள் டவரோடு பேசும் வி.எச்.எஃப். ரேடியோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் சேர்ந்து அழுத்தினால் 'கீ' என்ற சத்தம்தான் கேட்கும், இருவர் சொன்னதும் தெளிவாகப் போய்ச் சேராது. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் நடந்ததை அபாங் அன்று முழுக்க விளக்கினார். மூடுபனி. ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். கேஎல்எம் விமானம் மேலெழும்ப ஓட ஆரம்பித்துவிட்டது. "பொறுங்கள், கூப்பிடுகிறேன்" என்று டவர் சொன்னதும், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று பான் ஆம் விமானி சொன்னதும் ஒரே நேரத்தில் விழுந்தன. கேஎல்எம் விமானி அறையில் கேட்டது அந்தக் கீச்சொலி. 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 'டேக் ஆஃப்' என்ற சொல்லை, மேலெழும்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் சொல்லக் கூடாது என்று ஆனது. அதைக் கேட்ட நாளிலிருந்து நான் அவசரப்பட்டுப் பொத்தானைத் தொடுவதில்லை.

வகுப்பில் அதிக நேரம் போனது திரும்பச் சொல்வதில்தான். டவர் சொன்னதை அப்படியே நாம் திருப்பிச் சொல்ல வேண்டும், அதை அவர்கள் கேட்டுச் சரிபார்ப்பார்கள். கோப்பிக்கடையில் 'கோப்பி ஓ கொசோங்' (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) என்று கேட்டால், ஆர்டர் எடுப்பவர் அதையே உள்ளே இருப்பவரிடம் உரக்கச் சொல்வார் இல்லையா, அதே மாதிரி. அபாங் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு டவராக நடிப்பார்.

"டக் செவன், டோ அப்ரூவ்ட் வயா அல்ஃபா, ஹோல்ட் ஷார்ட் ஆஃப் பிராவோ."

டக் செவன் என்பது நம் டிராக்டரின் பெயர். அல்ஃபா பாதை வழியாக இழுத்துப் போகலாம், பிராவோவுக்கு முன்னால் நில் என்பது கட்டளை. நாம் "ரோஜர்" என்று மட்டும் சொன்னால் அவர் நகரமாட்டார். அப்படியே நிற்பார். "வயா அல்ஃபா, ஹோல்ட் ஷார்ட் ஆஃப் பிராவோ, டக் செவன்" என்று முழுசாக வந்தால்தான் அடுத்தது. ரோஜர் என்றால் காதில் விழுந்தது என்று மட்டும்தான் பொருள், எங்கே நிற்கப் போகிறோம் என்பது அதில் இல்லை. சில நேரம் வேண்டுமென்றே நாம் தவறாகத் திருப்பிச் சொல்லும்படி வேகமாகப் பேசுவார். "சே அகெய்ன்", அதாவது திரும்பச் சொல்லுங்கள், என்று கேட்டுவிட்டால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். புரியாமல் புரிந்ததுபோல நகர்கிறவனை இந்த வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்பார், நூற்றுக்கு நூறு சரி. 'ஸ்டேண்ட்பை' என்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது அனுமதி இல்லை, காத்திரு என்பதுதான்.

'கோ அஹெட்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். 'சொல்லு, கேட்கிறேன்' என்ற பொருளில் டவர் அதைச் சொன்னால், சக்கரத்தின் பின்னால் இருக்கிறவனுக்கு 'முன்னால் போ' என்று கேட்டுவிடலாம். அந்தக் குழப்பம் வரக்கூடிய இடத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது.

இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்வதைப் பற்றி அபாங் அதிகம் பேசமாட்டார். எஸ்கியூ 006 என்று மட்டும் சொன்னார், வகுப்பே அமைதியாகிவிட்டது. அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம். 2000 அக்டோபர் 31, தைப்பேயில் புயல் மழை. 05எல் ஓடுபாதைக்குப் போக வேண்டிய விமானம், பழுதுபார்ப்புக்காக மூடியிருந்த 05ஆர் பாதையில் மேலெழும்ப ஓடியது. டவரிலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்கு மழை, தரை ரேடாரும் அங்கே இல்லை. 83 பேர் இறந்துபோனார்கள். சாங்கியில் வேலை செய்கிற பெரியவர்கள் யாரிடம் கேட்டாலும் அந்த இரவைப் பற்றிச் சொல்வார்கள். டவருக்கு நம்மைத் தெரிகிறது என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. பலகையைப் படித்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, உறுதியானபின் சொல்ல வேண்டும்.

ரேடியோ செத்துப்போனால் டவரிலிருந்து விளக்கு காட்டுவார்கள். அசையாத சிவப்பு என்றால் நில். மின்னும் சிவப்பு என்றால் பாதையை விட்டு விலகு. மின்னும் பச்சை என்றால் போகலாம். மின்னும் வெள்ளை வந்தால் அந்தப் பகுதியை விட்டே வெளியேற வேண்டும். இதை எழுத்துத் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள், படித்துக்கொண்டு போங்கள்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் என் உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பேசியது நம் ஊர் ஆங்கிலம்தான். மெதுவாக, ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாகச் சொன்னேன். நடுவில் அவர் ஒரு கட்டளையைப் பாதியில் மாற்றினார், நான் முதலிலிருந்து திருப்பிச் சொன்னேன். பிறகு களத்தில் ஓட்டிக் காட்டும் சோதனை. அங்கே அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் சிவப்பு நிறுத்தக் கோட்டு விளக்கைத்தான். டவர் போகச் சொல்லியிருந்தாலும் அது எரிந்துகொண்டிருந்தால் தாண்டக் கூடாது, நின்று கேட்க வேண்டும்.

இப்போது இரவுப் பணியில், பின்னால் ஒரு போயிங் 777 விமானம் இருக்க, சாங்கியின் பச்சை மைய விளக்குகள் எனக்கான பாதைக்கு மட்டும் எரிந்து வழிகாட்டும்போது, டவரில் இருப்பவரின் குரல் எனக்கு அந்நியமாக இல்லை. அவரும் என் குரலில் எண்ணைத் தேடுகிறார், நானும் அவர் குரலில் எண்ணைத் தேடுகிறேன்.

தேர்வுக்குப் போகிற தம்பிகளுக்கு: இலக்கண ஆங்கிலத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். நண்பன் ஒருவனை எதிரே உட்கார வைத்து, முகம் பார்க்காமல் கட்டளைகளைப் படிக்கச் சொல்லுங்கள், எழுதாமல் திருப்பிச் சொல்லுங்கள். சமையல் சத்தத்துக்கு நடுவிலும் தொலைக்காட்சி ஓடும்போதும் செய்து பாருங்கள். சந்தேகம் வந்தால் "சே அகெய்ன்" கேளுங்கள், அதற்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள்.