முப்பத்திரண்டா, அறுபத்து நாலா

லென்ஸில் ஒளி நுழையும் ஓட்டைதான் அப்பர்ச்சர்; எஃப் எண் கூடக் கூட அது சின்னதாகும். லென்ஸில் எஃப் 64 என்று பொறித்திருக்கிறது என்பதற்காக அதுவரை மூட வேண்டியதில்லை என்று 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் கேமரா பழகும் பையன்களுக்கு நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் தனுஷ்கோடி சர்ச் பிரிண்டைப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

"மேல் கல்லு தூங்குது தம்பி." சுவர் உச்சிக் கல் தெளிவாக இல்லையாம்.

அண்ணன் மரக் கேமரா காலத்து ஆள். கல்யாணக் குரூப், பள்ளிக்கூடக் குரூப் எல்லாம் ஃபுல் பிளேட் என்ற பெரிய நெகட்டிவில் எடுத்தவர். அந்தப் படம் எடுத்த அன்றைக்குக் கச்சான் காற்றுக்கு மறைப்பாகக் குடை பிடித்து நின்றார். நான் அப்பர்ச்சரை 32-ல் வைப்பதைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"அறுபத்து நாலுல வைங்க. எல்லாம் நிக்கும்."

"வேண்டாம்ணே, முப்பத்திரண்டு போதும்."

"அப்ப ஒரு ஷீட்டை உங்க கணக்குக்கு அடிங்க, இன்னொண்ணை என் கணக்குக்கு அடிங்க."

ஹோல்டரில் இரண்டு பக்கம், இரண்டு ஷீட். இரண்டையும் 32-லேயே அடித்தேன்.

கணக்கு இதுதான். லென்ஸ் 150 மி.மீ. முன்னால் மணலில் கிடக்கிற பவளக்கல் நாலு மீட்டரில், சர்ச் சுவர் ஏறக்குறைய பதினைந்து மீட்டரில். லென்ஸை 5.6-ல் முழுக்கத் திறந்து, பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் (கிரவுண்ட் கிளாஸ்) லூப் என்ற உருப்பெருக்கியை வைத்து முன்கல்லுக்கு ஃபோகஸ் செய்து, லென்ஸ் போர்டு முன்னும் பின்னும் நகரும் பெட்டின் ஓரத்தில் ஒட்டிய ஸ்டீல் ஸ்கேலில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சுவருக்கு ஃபோகஸ் செய்து அதையும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி நாலு மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அந்த இடைவெளியை 375-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வைக்க வேண்டிய எஃப் எண் வரும். இங்கே 40. ஃபோகஸை இரண்டு குறிக்கும் நட்டநடுவில் நிறுத்த வேண்டும். காட்சியில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஃபோகஸ் வை என்று சொல்வதை நம்பாதீர்கள். பெட்டில் பாதிதான் பாதி.

375 எங்கிருந்து வந்தது? ஃபோகஸ் தவறினால் வரும் மங்கல் அப்பர்ச்சரை மூட மூடக் குறையும். சின்ன ஓட்டையில் ஒளி விரிவதால் வரும் மங்கல் மூட மூடக் கூடும். இரண்டும் சமமாகிற இடத்தை அந்த எண் கொடுக்கிறது. அதற்கு மேல் மூடினால் ஒன்றில் கிடைக்கும் லாபத்தை மற்றது தின்றுவிடும்.

முன்பக்க லென்ஸ் போர்டை மூன்று டிகிரி முன்னால் சாய்த்தேன். இடைவெளி மூன்று மி.மீ.க்கு இறங்கியது, எஃப் எண் 33.5 ஆயிற்று. அதனால்தான் 32. இன்னும் சாய்த்தால் தரை முழுக்க ஃபோகஸில் விழும், சுவரின் உச்சி போய்விடும். லென்ஸ் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் தரையைப் பிடிக்க ஏறக்குறைய ஆறு டிகிரி வேண்டும். சுவர் இல்லாத வெறும் மணலுக்கு அது சரி.

மூன்று மி.மீ. இடைவெளிக்கு, ஃபோகஸ் எல்லையின் ஓரத்தில் ஒரு புள்ளி நெகட்டிவில் எவ்வளவு அகலமாக விழும் என்று பாருங்கள். எஃப் 22-ல் 74 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), 32-ல் 63, 45-ல் 69, 64-ல் 88. இது ஓரத்தில். சரியாக ஃபோகஸ் ஆன இடத்தில் அதே வரிசையில் 29, 43, 60, 85. ஆக 64 என்பது எங்கு பார்த்தாலும் நஷ்டம். அண்ணனிடம் இதை எழுதியே காட்டினேன். "கணக்கு சரியாத்தான் இருக்கும். படத்தைப் பாருங்க" என்றார்.

அவருடைய 64 எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். ஃபுல் பிளேட்டை பெரிதாக்காமல் தாளோடு ஒட்டவைத்து அப்படியே காண்டாக்ட் பிரிண்ட் போடுகிறவருக்கு 85 மைக்ரான் மங்கல் கண்ணுக்கே தெரியாது. பழைய டெஸ்ஸார் வகை லென்ஸ்களுக்கு மூலைகள் தெளிய நன்றாக மூடவும் வேண்டும். நாலு வரிசையாக நிற்கும் குரூப்புக்கு ஆழமும் வேண்டும். அவர் தொழிலில் அது சரியான எண். நான் மனதில் வைத்திருந்தது 40×50 அங்குல பிரிண்ட். வேலை கொடுத்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அந்த அளவென்றால் பத்து மடங்கு. 43 மைக்ரானும் 85 மைக்ரானும் அங்கே வேறு வேறு படங்கள்.

கடைசியில் அவர்கள் போட்டது 16×20 அங்குலம்.

நாலு மடங்கில் என் 63 மைக்ரான் கால் மி.மீ. ஆகிறது. படத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிற தூரத்தில் கண் அதைப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். 64-ல் எடுத்திருந்தால் 0.35 மி.மீ. ஆக, எண்ணின்படி அவர் படம் இன்னும் மோசம்தான். ஆனால் இங்கேதான் எனக்குக் குழப்பம். 32-ல் சுவரின் நடு 43, உச்சி 63, அதாவது ஒன்றரை மடங்கு வித்தியாசம். 64-ல் நடு 85, உச்சி 88. எல்லாம் ஒரே மாதிரி மங்கல். ஒப்பிட ஒன்று இருந்தால்தானே 'தூங்குது' என்று சொல்ல முடியும்? சீரான மங்கலை ஸ்கேன் செய்த பிறகு ஓரளவு கூர்மையாக்கலாம். இடத்துக்கு இடம் மாறும் ஃபோகஸ் மங்கல் அப்படி மசியாது. "எல்லாம் நிக்கும்" என்று அண்ணன் சொன்னது இந்தச் சீரைத்தானோ என்னவோ. ஷார்ப் என்ற ஒரே பேச்சில் ஆளுக்கொன்றைத் தேடியிருக்கிறோம்.

லென்ஸ் போர்டைச் சாய்த்த அந்த டில்ட்டையும் சொல்ல வேண்டும். சாய்க்காமல் விட்டிருந்தால் சுவர் அடியிலிருந்து உச்சிவரை ஒரே சீராக நின்றிருக்கும். சாய்த்ததால்தான் அடி ஒரு முனைக்கும் உச்சி மறுமுனைக்கும் போயிற்று. எஃப் 40-க்குப் பதில் 32 கிடைத்ததற்கு அந்த மேல் கல் கொடுத்த விலை அது.

காற்று என் பக்கம். எஃப்பி4 ஃபிலிமை 64 வேகமாகக் கணக்கிட்டு மஞ்சள் ஃபில்டருக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு ஒளி, கூட்டினால், நல்ல வெயிலில் 32-க்கு 1/8 வினாடி, 64-க்கு அரை வினாடி. ஆனி, ஆடியில் அந்த மணல்திட்டில் அரை வினாடி கேமராவின் மடிப்புத் துருத்தி (பெல்லோஸ்) ஆடாமல் நிற்பது குடைக்காரர் புண்ணியம். ட்ரைபாட் காலை மணலில் அது இறங்க மறுக்கும்வரை அழுத்த வேண்டும். நடுவில் தொங்கவிட்ட பை தரையைத் தொட வேண்டும். தொடாத பை காற்றில் ஆடும், ட்ரைபாடையும் ஆட்டும். ஃபோகஸ் பார்க்கத் தலைமேல் போர்த்தும் கறுப்புத் துணியை எடுத்துவிட்டுத்தான் ஷட்டரை அழுத்த வேண்டும். சுவர் பக்கத்து ராவணன் மீசைப் புல் மட்டும் 1/8-லும் கலைந்துதான் விழுந்திருக்கிறது. அதற்கு எந்த அப்பர்ச்சரும் மருந்தில்லை.

ஷார்ப் இல்லை என்று வருகிற பாதிப் புகாருக்கு இந்தக் கரையில் அப்பர்ச்சர் காரணமே இல்லை, உப்புதான். முன் கண்ணாடியில் படிந்த உப்புப்படலம் கான்ட்ராஸ்டைக் குடித்துவிடும். முதலில் புளோயரால் ஊதி மணலைத் தள்ளி, டிஸ்டில்டு வாட்டர் தொட்ட துணியால் உப்பைக் கரைத்துவிட்டு, பிறகுதான் லென்ஸ் கிளீனர். நேராகத் துடைத்தால் கோட்டிங்கில் கீறல்.

பாம்பன் பாலம் எடுக்கும்போது இந்தத் தலைவலி கிடையாது. எல்லாம் நூறு மீட்டருக்கு அப்பால், இடைவெளி கால் மி.மீ.கூட வராது. வாய்ப்பாடு எஃப் 9 என்று சொல்லும், அதைக் கேட்கக் கூடாது. இன்றைய லென்ஸ்கள் பெரும்பாலும் 16-க்கும் 22-க்கும் இடையில்தான் மூலைவரை தெளிவாக இருக்கும். 22-ல் வைத்து, ரோட்டுப் பாலத்தில் பஸ் கடக்கும் அதிர்வு அடங்கியதும் அடித்தால் போதும்.

இரண்டாவது ஷீட்டை ஏன் அவருக்குக் கொடுக்கவில்லை என்பதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. அது காப்பு ஷீட். முதல் ஷீட்டில் தூசியோ கீறலோ விழுந்தால் கையில் மிஞ்சுவது 64-ல் எடுத்ததாக இருக்கும். தொழில் வழக்கம் அப்படி. ஆனால் முதல் ஷீட்டில் ஒரு தூசி இல்லை. இரண்டாவது, உறையை விட்டு வெளியே வரவே இல்லை.

பிரிண்ட் அளவு 16×20 என்று முதலிலேயே தெரிந்திருந்தால் 45 வைத்திருப்பேனா? ஓரத்தில் ஆறு மைக்ரான்தான் கூடுதல், படம் இன்னும் சீராக வரும். 1/4 வினாடியைக் குடை தாங்கியிருக்கவும் கூடும். அடுத்த முறை இரண்டாவது ஷீட்டை 45-ல் அடிக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. 64-க்கு மட்டும் இன்னும் மனசு வரவில்லை.