ரிப்போர்ட் வரும் வரை

அக்டோபர் 8

இன்றும் வரவில்லை.

அக்டோபர் 9

தூக்கம் பிடிக்காமல் செர்பிய அரசி மிலிட்சாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1389 ஜூனில் கொசோவோ போரில் அவள் கணவன் லாசர் செத்தான். மகன் ஸ்டெஃபானுக்கு ஆளும் வயதில்லை. அந்த வருடம் முடிவதற்குள் வடக்கிலிருந்து ஹங்கேரிப் படையும் உள்ளே வந்துவிட்டது. துருக்கியருக்குப் பணிந்துவிடுவது என்று முடிவெடுத்தவள் மிலிட்சா. கப்பம், போருக்கு ஆள், கூடவே கடைசி மகள் ஒலிவேரா. சுல்தான் பயேசித்தின் அந்தப்புரத்துக்கு.

1393 வரை நாட்டை நடத்தினாள். பிறகு மகனிடம் ஒப்படைத்துவிட்டு லியூபோஸ்தினியா மடத்துக்குப் போய்விட்டாள். ஆட்சித்திறன், தியாகம் என்று பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். ஒலிவேரா கிளம்பிய அன்று காலை அவளுக்கு யார் தலை வாரிவிட்டார்கள் என்றுதான் எனக்கு மனசு போகிறது.

அக்டோபர் 11

அக்கா போன் செய்தாள். "அம்முவை இங்க அனுப்பிடு, நான் பாத்துக்கறேன். நீ உன் உடம்பைப் பாரு." சரி என்றேன். அப்படிச் சொன்னதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 13

மழை. இங்கே பெல்கிரேடில் பேராலயத்துக்கு எதிரே இருக்கும் திருச்சபை அருங்காட்சியகத்துக்குப் போனேன். யெஃபிமியாவின் துணிக்காக. சிவப்புப் பட்டில் பொன்னிழையால் எழுத்தெழுத்தாகத் தைத்தது, 1402. இறந்துபோன லாசருக்கு ஒரு போர்வை. அவளுடைய கணவன் உக்லேஷா 1371-லேயே மாரித்சா போரில் செத்தவன். ஒரே பிள்ளையையும் குழந்தையாகவே பறிகொடுத்தவள். லாசர் வீட்டில் அடைக்கலம். பிறகு துறவி.

பார்க்கத் துதிப்பாடல் போலத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் அவள் லாசரிடம் கேட்பது ரொம்ப நேரடியானது: உன் பிள்ளைகள் ஸ்டெஃபானையும் வூக்கையும் கவனி, எழுந்து வந்து உதவு. செத்தவனைச் சும்மா படுக்க விடவில்லை. எனக்குப் பிடித்துவிட்டது.

அக்டோபர் 16

அடுத்த வாரமாம். எந்த அடுத்த வாரம்?

அக்டோபர் 17

கீழ் வீட்டுப் பாட்டியுடன் ஸ்மெதெரேவோ. அவருக்குச் சொந்த ஊர். என்னை வெளியே அழைத்துப்போனால் தேறுவேன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். டான்யூப் கரையில் அவ்வளவு பெரிய கோட்டையைப் பார்த்ததும் பாட்டி சொன்ன முதல் வார்த்தை: "சபிக்கப்பட்ட யெரினா." கல் சுமக்க வைத்தாளாம், வரி போட்டாளாம், சுண்ணாம்பில் கலக்க வீட்டுக்கு வீடு முட்டை பிடுங்கினாளாம். செர்பியாவில் இடிந்த கோட்டைகள் பலவற்றுக்கு யெரினாவின் கோட்டை என்றுதான் பெயர். அவள் இருந்தாளோ இல்லையோ.

நடந்தது என்ன? 1427-ல் ஸ்டெஃபான் இறந்ததும் பெல்கிரேடு ஹங்கேரியிடம் திரும்பிப் போனது. அடுத்து வந்த ஜுராஜ் பிராங்கோவிச்சுக்கு, யெரினாவின் கணவனுக்கு, அவசரமாக ஒரு தலைநகர் வேண்டியிருந்தது. 1428-ல் ஆரம்பித்தான். சிறிய கோட்டையின் கோபுரச் சுவரில் செங்கல்லையே எழுத்தாகப் பதித்து வைத்திருக்கிறான்: ஜுராஜ் கட்டளைப்படி கட்டப்பட்டது, ஆண்டு 6938. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் அவர்கள் கணக்கில் அது 1430. கட்டளை யாருடையது என்று சுவரே சொல்கிறது. திட்டு மட்டும் கிரேக்க மருமகளுக்கு. பாட்டியிடம் இதைச் சொன்னேன். "படித்தவர்கள் எதையாவது சொல்வார்கள்" என்றார்.

அந்த யெரினாவின் இரண்டு பிள்ளைகளை 1441-ல் சுல்தான் முராத் குருடாக்கினான். அப்போது அவள் மகள் மாரா அதே சுல்தானின் மனைவியாக அவன் அரண்மனையில் இருந்தாள். முட்டைக் கணக்கு வைத்த ஊர் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கலாம்.

வரும்போது பஸ்ஸில் வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வந்தது. மாத்திரைதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

அக்டோபர் 20

அவரிடம் சொல்லிவிட்டேன். சண்டை. அப்புறம் எதற்கோ பேச்சு மாறி, "இந்த ஊரில் பெண் பிரதமரே வந்தாச்சு, நீ இன்னும் 1389-லேயே இரு" என்றார். ஆனா பிர்னாபிச்சைச் சொல்கிறார், 2017. அந்த ஏழு வருடமும் உண்மையான பிடி அதிபர் வூசிச்சிடம்தான் என்று எதிர்க்கட்சிகள் சொல்லிக்கொண்டே இருந்தன. அதை விடுங்கள்.

எனக்கு நடாஷா மிச்சிச்தான் நினைவுக்கு வருகிறார். வாக்குப்பதிவு பாதியைத் தொடாததால் அதிபர் தேர்தல் செல்லாமல் போனது. நாடாளுமன்றத் தலைவராக இருந்ததால் 2002 டிசம்பர் கடைசியில் நாற்காலி இவரிடம் வந்தது. வயது 37. அடுத்த மார்ச் 12-ல் பிரதமர் ஜின்ஜிச்சை அரசு அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அன்றே நெருக்கடி நிலையை அறிவித்தது இவர். தேர்தலில் அதிபராக ஜெயிக்காத ஒருவர், அன்றைக்கு வேறு யாரும் இல்லாததால். ஆள் இல்லாத வீட்டில்தான் பெண்களிடம் சாவி வருகிறது.

அம்மு பக்கத்து அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 22

பன்னிரண்டு வருடம். 1390-ல் போன ஒலிவேரா, 1402-ல் அங்காராவில் தைமூர் பயேசித்தைப் பிடித்த பிறகுதான் விடுபட்டாள்.

அக்டோபர் 27

புனித பெட்கா நாள். கலெமெக்தான் கோட்டைச் சரிவில் அவள் கோயில், உள்ளே ஊற்று. காலையிலிருந்தே வரிசை, பெரும்பாலும் பெண்கள், கையில் பாட்டில். எனக்கு முன்னால் நின்ற அம்மா மூன்று பாட்டிலுக்கும் மூடியில் பெயர் எழுதி வைத்திருந்தார். எனக்கு எதற்கு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஒரு காலிப் பாட்டிலைக் கையில் திணித்தார்.

இந்தப் பெட்காவின் திருவுடலைக் கேட்டு வாங்கி வந்ததும் மிலிட்சாதான். ஸ்டெஃபான் மீது சுல்தானிடம் கோள் மூட்டியிருந்தார்கள். துறவுடையோடு, கூட யெஃபிமியாவையும் கூட்டிக்கொண்டு, பயேசித் முன்னால் போய் நின்றாள். மகனுக்கு மன்னிப்பு, கூடவே புனிதையின் உடல். இரண்டும் கிடைத்தன. மகளைக் கேட்டாளா?

மிலிட்சா இறந்தது 1405-ல். அப்படியென்றால் ஒலிவேரா விடுபட்ட பிறகு இரண்டு மூன்று வருடம் உயிரோடு இருந்திருக்கிறாள். இந்த இரண்டு மூன்று வருடத்தை நான் விடப்போவதில்லை.

அக்டோபர் 30

வந்தது. இங்கே எழுதப் போவதில்லை.

நவம்பர் 2

அம்முவுக்கு டிக்கெட் போட்டாயிற்று. ஸ்வெட்டர் எல்லாம் வேண்டாம், அங்கே வெயில் என்றேன். கேட்கவில்லை, நான்கு எடுத்து வைத்திருக்கிறாள்.

மாராவும் திரும்பி வந்தவள்தான். 1451-ல் முராத் இறந்ததும் பிறந்த வீட்டுக்கு வந்தாள். பைசாந்தியத்தின் கடைசிப் பேரரசன் பெண் கேட்டு ஆள் அனுப்பினான்; முடியாது என்றாள். அப்புறம் செரெஸ் பக்கம் யெஜெவோவில் சொந்த நிலம், தனி அரசவை. சுல்தான் மெஹ்மெதிடம் பேச வேண்டுமென்றால் வெனிஸ்காரர்களே அவளைத்தான் பிடித்தார்கள். இவளைப் பற்றி நிறைய இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அட்மிஷன், பை இன்னும் கட்டவில்லை.