கச்சான் காற்றும் இறைச்சி முயலும்

2022இல் கோழித்தீனி விலை ஏறி, கோழியிறைச்சி வாங்க யோசிக்க வேண்டிய நிலை வந்தபோதுதான் முயல் வளர்க்கலாம் என்று நினைத்தேன். கோழிக்குச் சோளம் வேண்டும், முயலுக்குப் புல் போதும் என்பது என் கணக்கு. மட்டக்களப்புப் பக்கம் களுதாவளையில் எங்கள் வளவு மணல் நிலம், சுற்றிலும் மரக்கறித் தோட்டங்கள். இலை தழைக்குக் குறைவில்லை. பார்த்த காணொளிகளில் எல்லாம் ஒரே பேச்சு: ஒரு சோடி வாங்கினால் வருடம் முடிவதற்குள் வளவு நிறைந்துவிடும் என்று. சொன்னவர்கள் யாரும் கச்சான் என்கிற வறண்ட அனல்காற்று அடிக்கிற ஊர்க்காரர் இல்லை.

வாங்குவதற்கு உதவியவர் செங்கலடிப் பக்கம் முன்பு முயல் வைத்திருந்த ஒரு அண்ணன். “தூக்கி முன்னங்காலுக்கு உட்பக்கம் பாருங்க தம்பி. மயிர் ஒட்டிப்போய்க் கிடந்தா அது மூக்கத் துடைச்ச கால். சளி இருக்கு, வேணாம்” என்றார். காதுக்குள் பொருக்கு இருந்தால் சொறி. முன்பற்கள் பொருந்தாமல் நீண்டிருந்தால் சாப்பிட முடியாமல் மெலியும், குட்டிகளுக்கும் அந்தக் குறை போகலாம். நம் பக்கம் கிடைப்பது நியூசிலாந்து வெள்ளை என்று சொல்லி விற்கிற கலப்பு வெள்ளைதான். மூன்று பெட்டை எடுத்தேன். ஆணை வேறு வீட்டில் எடுக்கச் சொன்னதும் அந்த அண்ணன்தான், ஒரே ஈற்றில் பிறந்தவை சேரக்கூடாது என்று.

கூடு மாமரத்தின் கீழ், நிலத்தில் இருந்து மூன்று அடி உயரத்தில். அடியில் அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலக் கண் உள்ள கம்பிவலை. புழுக்கை கீழே விழுந்துவிடும். முழுநேரமும் கம்பியில் இருந்தால் பின்னங்கால் புண்ணாகும், அதனால் ஒரு மூலையில் பலகைத் துண்டு. கூட்டின் கால்களைக் கழிவு ஒயில் ஊற்றிய டின்களுக்குள் நிறுத்தினேன். இதைப் பலர் சொல்வதில்லை. கண் திறக்காத குட்டிகளுக்குப் பாம்பு, மரநாயைவிடச் செவ்வெறும்புதான் எமன். கூரைக்குத் தகரம் போடாமல் கிடுகு போட்டேன்.

தீனியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கினிப்புல், முருங்கையிலை, வாழையிலை, பின்னேரம் ஒரு கைப்பிடி தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும். இப்பிலிப்பில் (சவுண்டல்) இலை கொஞ்சமாகத்தான், கூடினால் மயிர் கொட்டும். கோவா (முட்டைக்கோசு) இலை நிறையப் போட்டால் வயிறு ஊதும். தோட்டத்துக் கழிவு இலை எடுப்பதற்கு முன் மருந்து எப்போது அடித்தார்கள் என்று தோட்டக்காரரிடமே கேட்டுவிட வேண்டும்.

சேர்க்கும்போது பெட்டையை ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆணை இங்கே கொண்டுவந்தால் பெட்டை கடித்துத் துரத்தும். மாடு, ஆடு போலப் பருவநாள் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. முயலுக்குச் சேர்ந்த பிறகுதான், ஏறத்தாழ பத்து மணித்தியாலத்தில், முட்டை வெளிவரும். ஆனாலும் மனமில்லாவிட்டால் மூலையில் பதுங்கிக்கொள்ளும். வாலைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்: குறி வெளிறியிருந்தால் இன்றைக்கு விட்டுவிடலாம், சிவந்து ஈரமாக இருந்தால் சரி. காரியம் முடிந்ததும் ஆண் ஒரு சத்தம் போட்டுப் பக்கவாட்டில் விழும். முதல்முறை அதைப் பார்த்த மச்சான், ஆண் செத்துப்போச்சு என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

சேர்ந்து 31 நாள் அளவில் குட்டி. 28ஆம் நாள் மரப்பெட்டியில் காய்ந்த வைக்கோல் போட்டு உள்ளே வைத்தால், பெட்டை தன் வயிற்று மயிரைப் பிடுங்கி மெத்தை செய்துகொள்ளும். குட்டி போட்ட பிறகு அம்மாவுக்குத்தான் நிம்மதி போனது. “குட்டிக்குக் கிட்டயும் போகுதில்லையே மகன்” என்று நாளெல்லாம் புலம்பல். தாய் முயல் நாளுக்கு ஒருதடவை, கூடினால் இரண்டுதடவை, அதுவும் சில நிமிடம்தான் பால் கொடுக்கும், பெரும்பாலும் ஆளரவம் அடங்கிய நேரத்தில். காலையில் குட்டிகளின் வயிறு உருண்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். கை பட்டால் தாய் குட்டியைத் தின்றுவிடும் என்பதும் சும்மா கதை. தண்ணீர் இல்லாமை, நாய்க்குப் பயம், இவற்றால்தான் அப்படி நடப்பது. நான் இரண்டு பெட்டைகளை ஒரே நாளில் சேர்ப்பேன். ஒன்றுக்குக் குட்டி கூடிவிட்டால் மற்றதன் பெட்டிக்குள் மாற்றிவிடலாம். பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும். நான் ஐந்து வாரத்தில் பிரித்துவிடுவேன்.

தொடக்கத்தில் எல்லாம் இப்படி நன்றாகவே போனது. அப்புறம் கச்சான் வந்தது.

மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கி வருகிற தென்மேல் காற்று, எங்களிடம் வந்துசேரும்போது ஈரமில்லாத அனல். முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது, காதாலும் மூச்சாலும்தான் சூட்டை வெளியே தள்ளும். பகலில் எல்லாம் கால் நீட்டிப் படுத்து மூச்சு வாங்கின. சாப்பாடு பாதியானது. பெட்டைகளைக் கொண்டுபோய் விட்டேன், ஆண் சத்தம் போட்டு விழுந்தது, எல்லாம் முறைப்படி நடந்தது. இரண்டு வாரத்தில் வயிற்றை மெல்லத் தடவினால் திராட்சைப்பழ அளவில் உருண்டைகள் தட்டுப்பட வேண்டும். ஒன்றுமில்லை. திரும்ப விட்டேன், திரும்பவும் இல்லை. பெட்டைகளில்தான் குறை என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. பிள்ளை இல்லாவிட்டால் நம் ஊரில் வேறு யாரைச் சொல்வார்கள்?

மிருக வைத்தியரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது ஆணின் கூடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை. அது மேற்கு ஓரம், பின்னேர வெயில் படுகிற இடம். 30 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் தொடர்ந்தால் ஆண் முயலின் விந்து கெட்டுவிடும், சேரும், ஆனால் குட்டி பிடிக்காது என்றார். சூடு தணிந்தாலும் உடனே சரியாகாது, புதிய விந்து உருவாகி வர ஒன்றரை, இரண்டு மாதம் எடுக்கும். கச்சான் புரட்டாசியில் விட்டாலும் ஆண் தேறுவது கார்த்திகையில் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஆணின் கூட்டை மாமரத்தின் கிழக்குப் பக்கம், பின்னேரம் நிழல் விழுகிற இடத்துக்கு மாற்றினேன். வெயில் பக்கம் நனைந்த சாக்கு. பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீரை உறையவைத்து மத்தியானத்தில் உள்ளே போட்டால் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். மின்சாரம் வெட்டிய நாட்களில் அதுவும் நடக்கவில்லை. தீனியை அதிகாலையிலும் இருட்டிய பிறகும் மட்டும் வைத்தேன். இவ்வளவு செய்தும் கச்சானில் குட்டி எதிர்பார்ப்பது வீண். இப்போது சேர்ப்பது கார்த்திகையிலும் தையிலும்தான். நடுவில் பெட்டைகளுக்கு ஓய்வு.

கார்த்திகைச் சேர்க்கையிலும் ஒரு தலையிடி இருக்கிறது. பிரித்த குட்டிகள் வளர்கிற நேரம் மாரிமழை முழுதாக ஓய்ந்திருக்காது. கூடு நனைந்தால் இரத்தக் கழிச்சல் வரும், கொக்சிடியோசிஸ். நேற்றுத் துள்ளிய குட்டி காலையில் வயிறு ஊதிக் கிடக்கும். சல்பா மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கலாம், மருந்து கொடுத்ததை வைத்தியர் சொல்கிற காலம் கழியுமுன் அறுக்கக்கூடாது. புல்லை மழையோடு வெட்டிப் போடாமல் திண்ணையில் ஒரு இரவு வாடவிட்டுப் போடத் தொடங்கியதும் சாவு நன்றாகக் குறைந்தது.

மூன்று மாதத்தில் இரண்டு கிலோ என்பது பெல்லட் என்கிற கடைக் குச்சித்தீனி போடுகிறவர்களின் கணக்கு. புல்லும் தவிடும் என்றால் நாலு மாதம் தாண்டும். அறுக்கிறதுக்கு முதல்நாள் இரவு தீனி இல்லை, தண்ணீர் மட்டும். கழுத்தை இழுத்து முறிக்கிற முறையை அந்த அண்ணன் காட்டித் தந்தார். சரியாகச் செய்தால் சத்தமே வராது, தயங்கினால்தான் அதற்கு வேதனை. பின்னங்கால்களைக் கட்டித் தொங்கவிட்டு, கணுக்காலைச் சுற்றி வெட்டிவிட்டால் தோல் ஈரச் சட்டையைக் கழற்றுவதுபோல உரிந்து வரும். பித்தப்பையும் மூத்திரப்பையும் உடையாமல் எடுக்க வேண்டும். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் ஈரலை வீசிவிடுவோம். இரண்டு கிலோ முயலில் இறைச்சி ஒரு கிலோ அளவில் தேறும். ஒரு இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தே சமைப்போம், உடனே சமைத்தால் நார் நாராக இருக்கும். கொழுப்பு மிகக் குறைவு என்பதால் கடைசியில் தேங்காய் முதற்பால் கூட விட்டால்தான் கறி வாய்க்கும். மிளகு தூக்கலாக. அம்மா இன்னும் தொடுவதில்லை, “பூனை மாதிரி இருக்கு” என்பார்.

ஊருக்குள் விற்பதற்கு நாள் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமையும் அம்மன் சடங்குக் காலமும் இங்கே பல வீடுகளில் மச்ச மாமிசம் இல்லை. காத்தான்குடியில் இருந்து வருகிற முஸ்லிம் வியாபாரி நானா உயிரோடுதான் எடுப்பார், அறுப்பது அவர்கள் முறைப்படி. எனக்கு அது வசதி, வேலை மிச்சம். அவர் பெருநாளுக்குக் கேட்டிருக்கிறார். கார்த்திகைச் சேர்க்கை எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துத்தான் எண்ணிக்கை சொல்லலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.