எங்கள் நூலகத்தை இரண்டு முறை திறந்தோம்

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். கொரோனா காலத்தில் எங்கள் நூலகத்தை இரண்டு முறை பூட்டி, இரண்டு முறை திறந்தோம். முதல் தடவை 2020 டிசம்பர், அடுத்தது 2021 செப்டம்பர். முதல் தடவை நாங்கள் மெனக்கெட்ட வேலையில் பாதி தேவைப்படாதது. தேவைப்பட்டதை ரொம்பத் தாமதமாகத்தான் செய்தோம்.

2020 மார்ச் நடுவில் கல்லூரிகளை மூடச் சொன்னபோது, இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிடுவோம் என்று நினைத்தோம். ஜன்னல்களையெல்லாம் கொக்கி போட்டுச் சாத்திவிட்டு, மெயினை அணைத்துவிட்டுக் கிளம்பினோம். மே மாதம் வந்தபோது சென்னையிலேயே தொற்று அதிகம் இருந்தது எங்கள் இராயபுரம் மண்டலத்தில்தான். எங்கள் தெருமுனையில் தகரம் அடித்து அடைத்திருந்தார்கள். கல்லூரி வீட்டிலிருந்து நடக்கும் தூரம். ஆனாலும் ஆறு மாதம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

செப்டம்பரில் படிப்பை முடித்த பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு நூலகத்தின் நோ டியூ கையெழுத்து, அதாவது புத்தகப் பாக்கி எதுவும் இல்லை என்ற கையெழுத்து வேண்டும். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தோம். கட்டைப் பையிலும் மஞ்சள் பையிலும் புத்தகங்கள் வந்து சேர்ந்தன. வாங்கிய ஒவ்வொன்றையும் கையுறை போட்டுக்கொண்டு கோணியில் போட்டுக் கட்டி, மூலையில் அடுக்கினோம். மூன்று நாள் கழித்துப் பிரிப்பது என்று முடிவு. அந்த மூன்று நாள் கணக்கை நாங்களாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஓசிஎல்சி என்ற நூலக அமைப்பும் பேட்டெல் (Battelle) ஆய்வகமும் சேர்ந்து 'ரீல்ம்' என்ற திட்டத்தில் புத்தக அட்டை, உள்தாள், பிளாஸ்டிக் உறை, டிவிடி பெட்டி இவற்றின் மேல் வைரஸ் எத்தனை நாள் இருக்கிறது என்று சோதித்திருந்தார்கள். ஜூனில் வந்த முதல் முடிவில், மூன்றாம் நாளுக்குப் பிறகு எதிலும் வைரஸ் தென்படவில்லை.

ஆனால் அந்தச் சோதனையில் புத்தகங்களைத் தனித்தனியாக வைத்திருந்தார்கள். பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தும் சோதித்தார்கள். அதில் ஆறு நாள் கழிந்தும் வைரஸ் தென்பட்டது. அதைப் படித்த அன்று மூலையில் இருந்த கோணிகளைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மறுநாளே எல்லாவற்றையும் பிரித்து, காலி வகுப்பறை ஒன்றில் பெஞ்ச் பெஞ்சாகப் பரப்பினோம். எங்கள் உதவியாளர் அண்ணன் காசிமேட்டுக்காரர். "கருவாடு காயவைக்கிற மாதிரிதான் மேடம், ஒண்ணு மேல ஒண்ணு படாம போடணும்" என்று சொல்லி, யாரையும் கேட்காமல் சரியாகப் பரப்பிவிட்டார். மூலைக்கு மூலை தேதிச் சீட்டு. நான்காம் நாள் எடுத்து முன்னறையில் அடுக்கி வைப்போம்.

அந்த ஆய்வில் சொன்னது, இத்தனை நாள் வைரஸ் இருந்தது என்பது மட்டும்தான். அந்தப் புத்தகத்தைத் தொட்டால் நோய் வருமா என்று அதில் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை அப்போது நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

நவம்பர் கடைசியில் நிவர் புயல், அடுத்த வாரமே புரெவி. வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கமெல்லாம் தண்ணீர் தேங்கியது. இதற்கு நடுவில், இளநிலை இறுதியாண்டு மாணவர்களுக்கு டிசம்பர் 7ஆம் தேதி கல்லூரி திறக்கும் என்று அறிவிப்பு வந்துவிட்டது. அதுவரை முன்னறையில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தோம், உள்ளே ரேக் இருக்கும் பெரிய கூடத்தை யாரும் திறக்கவில்லை. அன்றைக்குக் கதவைத் தள்ளியதும் ஈரத்துணி முடைநாற்றம். ஒன்பது மாதம் காற்று அசையாத கூடம், அதற்கு மேல் மழை. கீழ்த்தட்டுப் புத்தகங்களின் முதுகில் சாம்பல் பூத்தது போல் பூஞ்சணம். பழைய தமிழ் இலக்கிய வரிசையில் இராமபாணப் பூச்சி துளைத்திருந்தது. தாவரவியல் படப் புத்தகங்கள் வழவழப்புத் தாள், ஈரத்தில் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக் கட்டியாகிவிட்டன. அவற்றில் பதினோரு புத்தகங்களைக் காப்பாற்ற முடியவில்லை. வாங்கிய புத்தகங்களையெல்லாம் வரிசை எண் போட்டுப் பதியும் அக்சஷன் ரெஜிஸ்டரில் அவற்றுக்கு நேரே சிவப்பு மையில் எழுதும்போது அழுதுவிட்டேன். புத்தகம் வாங்க எங்களுக்குக் கிடைக்கும் பணம் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

பூஞ்சணத்தைத் துடைக்கக் கூடாது, துடைத்தால் தாளுக்குள் இறங்கிவிடும். காயவைத்துவிட்டு, பெயின்ட் அடிக்கிற மிருதுவான பிரஷ்ஷால் வெளிப்பக்கமாகத் தட்டி எடுக்க வேண்டும். என்-95 முகக்கவசம் போட்டுக்கொண்டு வராந்தா நிழலில் நான்கு நாள் அதைச் செய்தோம். வெயிலில் போடச் சொன்னார்கள் சிலர். நேர் வெயில் பட்டால் தாள் பழுத்து, அட்டை வளைந்துவிடும். நிழலும் ஃபேன் காற்றும் போதும்.

அந்த வேலை முடிந்த மறுநாள் கிருமிநாசினி தெளிக்க ஆட்கள் வந்தார்கள். தரை, மேஜை, கைப்பிடிக்கு மட்டும் என்று சொல்லிவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் இரண்டு ரேக் புத்தகத்தின் மேலும் அடித்துவிட்டிருந்தார்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் என்பது பிளீச்தான். காலிகோ துணி பைண்டிங்கில் சாயம் போய்த் திட்டுத்திட்டாக வெளுத்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எங்கே பார்த்தாலும் அடி என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும்.

சரி, திறந்தோம். கவுண்டரில் கண்ணாடித் தடுப்பு, தரையில் வட்டம், வாசலில் சானிடைசர், நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் கருவி. புத்தகப் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுத்து வைத்துவிடுவோம், வந்து வாங்கிக்கொண்டு போகலாம். வாசிப்புக் கூடம் மட்டும் பூட்டு. உட்கார்ந்தால் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் ஆபத்து என்று குழுவில் முடிவு. நானும் தலையாட்டினேன்.

இரண்டாவது வாரம் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. புத்தகம் வாங்கிய பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் எண்ணினேன், பதினான்கு பேர், படிக்கு இரண்டு பேராக நெருக்கி. அதில் கொருக்குப்பேட்டைப் பெண் ஒருத்தி தினமும் வருவாள். "ஏம்மா, வீட்டுக்குப் போய் நிம்மதியா படிக்கலாம் இல்ல?" என்று கேட்டேன். "ஒரே ரூம் மேடம். அப்பா நைட் ஷிஃப்ட், பகல்ல தூங்குவாரு. தம்பிக்கு ஆன்லைன் கிளாஸ், போனும் அவன்கிட்டதான்" என்றாள்.

அந்தப் பதில் என்னை நன்றாக உலுக்கிவிட்டது. ஊரடங்கு முழுக்க நான் கல்லூரிகளுக்கு மின்னூல், மின்னிதழ் தரும் என்-லிஸ்ட் தளத்தின் லாகினை எல்லோருக்கும் அனுப்பினேன், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலக இணைப்பை அனுப்பினேன். அரசும் ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி டேட்டா என்று அறிவித்தது. எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் ஹவுசிங் போர்டு வீட்டில் ஐந்து பேரோடு இருக்கிற பெண்ணுக்குப் புத்தகத்தைவிடப் பெரிய தேவை ஒரு நாற்காலி, ஒரு மேஜை, மூன்று மணி நேர அமைதி. வடசென்னையில் ஒரு கல்லூரி நூலகம் முதலில் தருவது அதைத்தான். அதைப் பூட்டிவிட்டு நாங்கள் புத்தகத்துக்குத் தனிமை நாள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

முதல்வரிடம் போய்ப் பேசினேன். அவர் மறுக்கவில்லை, "காற்றோட்டம் எப்படி?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஏசி போட்ட கணினிப் பகுதியை மூடிவிடலாம், ஆனால் பெரிய கூடம்? அங்கே பதினாறு ஜன்னல், திறக்க முடிந்தது ஐந்து. மழையில் மரம் ஊதிப்போயிருந்தது, சிலவற்றுக்குக் குறுக்கே பீரோவே நின்றது. தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொன்னோம், பீரோக்களை நகர்த்தினோம். அப்புறம் உதவியாளர் அண்ணன் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு மேஜை மேஜையாகப் போய் நின்றார். புகை ஜன்னல் பக்கம் ஓடினால் நல்லது, அங்கேயே சுற்றினால் அந்த இடம் ஆகாது. வடகிழக்கு மூலையில் மூன்று மேஜையில் புகை நகரவே இல்லை. அங்கே ஒரு பெடஸ்டல் ஃபேனை ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்ததும் புகை வெளியே ஓடியது. நாங்கள் வாங்கிய கருவிகளில் உருப்படியானது அந்த ஊதுபத்திக் கட்டுதான் என்று இப்போதும் சொல்வேன்.

2021 பிப்ரவரி 8ஆம் தேதி மற்ற ஆண்டு மாணவர்களும் வந்தபோது வாசிப்புக் கூடத்தைத் திறந்தோம். 120 இருக்கையில் 40 மட்டும், குறுக்கு மறுக்காக. இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு குழு, நடுவில் அரை மணி நேரம் கூடம் காலி. முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது, சாப்பாடு மரத்தடியில். ஜன்னல் திறந்ததில் தொல்லையும் உண்டு. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் சத்தமும் புழுதியும் நேராக உள்ளே வந்தன, சாயங்காலம் கொசு. கடல் காற்றின் ஈரம் புத்தகத்துக்கு ஆகாது என்பதால் ஜன்னலோர ரேக்குகளை உள்ளே தள்ளினோம். அந்த ஆறு வாரத்தில் பிள்ளைகள் யாரும் சத்தத்தைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

மார்ச் கடைசியில் மறுபடி பூட்டு. அடுத்த இரண்டு மாதத்தைப் பற்றி எழுத மனம் வரவில்லை. ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் இரவெல்லாம் கேட்கும். எங்கள் மாணவர்கள் சிலர் அப்பாவையோ அம்மாவையோ இழந்தார்கள்.

அந்த ஏப்ரலில்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கிருமி பட்ட பரப்பு ஒன்றைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அறிக்கை வெளியிட்டது. அதே மாதம் லான்செட் இதழில், கொரோனா முக்கியமாகக் காற்றில் பரவுவது என்பதற்குப் பத்துக் காரணங்களை அடுக்கி ஒரு கட்டுரை வந்தது. படித்தபோது எனக்கு அந்த மாடிப்படிதான் ஞாபகம் வந்தது. கூடத்தைப் பூட்டி, பதினான்கு பேரை நெருக்கமான படிக்கட்டில் உட்கார வைத்தது நாங்கள்தான்.

செப்டம்பர் 1ஆம் தேதி கல்லூரிகள் திறந்தபோது நாங்கள் ஒரு வாரம் முன்பே போய்விட்டோம். முதல் வேலை பதினாறு ஜன்னலையும் திறந்து, ஃபேனைப் போட்டு, நாள் முழுக்க ஓடவிட்டது. அப்புறம் ஊதுபத்தி. இந்த முறை பெஞ்சில் பரப்புவதோ கோணியோ இல்லை. திரும்பி வந்த புத்தகம் அன்றே ரேக்குக்குப் போனது, கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவினோம். கவுண்டர் கண்ணாடியையும் கழற்றிவிட்டோம், அது காற்றை மறித்துக்கொண்டு நின்றது. ஊழியர்கள் எல்லோரும் தடுப்பூசி போட்டிருந்தோம். பிள்ளைகளுக்கு வளாகத்திலேயே முகாம் நடந்தது, போட்டுக்கொண்டு கை வலியோடு நேராக நூலகத்துக்கு வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. பூட்டிய மாதங்களுக்கான தாமதக் கட்டணத்தை முழுக்கத் தள்ளுபடி செய்யச் சொல்லி எழுதி வாங்கினேன். அதன் பிறகு வராது என்று நினைத்த புத்தகங்கள் நிறையத் திரும்பி வந்தன.

கொருக்குப்பேட்டைப் பெண் அதற்குள் படிப்பை முடித்துவிட்டாள். நவம்பரில் ஒரு நாள் நோ டியூ வாங்க வந்தாள். அடுத்து டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்குப் படிப்பதாகவும், வெளியாள் என்றாலும் இங்கே உட்கார அனுமதி கிடைக்குமா என்றும் கேட்டாள். பழைய மாணவர்களுக்கு அப்படி ஒரு விதி எங்களிடம் இல்லை. முதல்வரிடம் மனு எழுதிக் கொடுக்கச் சொன்னேன். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து அங்கேயே எழுதினாள்.